நெட் விட்டு விட்டு வருகிறதா? ரௌட்டரை அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்

வீட்டில் நெட் நின்றுவிட்டால் கை தானாகப் போவது ஸ்விட்ச் போர்டுக்குத்தான். ரௌட்டரை அணைத்து, பத்து நொடி கழித்துப் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். மறுநாள் மறுபடி போகும். மறுபடி அணைத்துப் போடுவோம். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டுகிற வீடுகள் நிறைய. அணைத்துப் போடுவதில் தப்பில்லை. ஆனால் அணைத்த மறுநொடியே, கோளாறு எங்கே என்று காட்டிக்கொண்டிருந்த அடையாளங்கள் எல்லாம் போய்விடுகின்றன. எந்த விளக்கு எரிந்தது, எது அணைந்திருந்தது, ரௌட்டர் எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடியது, ஒன்றும் மிஞ்சாது. அதனால் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள், முடிந்தால் ரௌட்டரின் முகப்பை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்ப்பது? அதற்கு நெட் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறதா, மாடி டேங்க் காலியா, மோட்டார் ஓடவில்லையா, தெருவிலேயே வரவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கேயும் அதே மாதிரி ஒரு வரிசை உண்டு. இன்று நம் ஊர்களில் பரவலாகிவிட்ட ஃபைபர் இணைப்பையே எடுத்துக்கொள்வோம். கம்பெனியின் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒளியாகக் கிளம்புகிற நெட், தெருக் கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டரில் பல கிளைகளாகப் பிரிகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. கண்ணாடி இழையில் வரும் ஒளியை அப்படியே பங்கு போட்டு அனுப்புகிறது, அவ்வளவுதான். ஒரே இழையை 32 வீடுகள், சில இடங்களில் 64 வீடுகள்கூடப் பகிர்ந்துகொள்ளும். அங்கிருந்து ஒரு மெல்லிய கேபிள் உங்கள் வீட்டுச் சுவர் வரை வரும். சுவரிலிருந்து பேட்ச் கார்டு என்ற ஒல்லியான வயர் ஓஎன்டி பெட்டிக்குப் போகும். ஒளியை நம் கருவிகளுக்குப் புரிகிற மின்குறியாக மாற்றுவது அந்தப் பெட்டிதான். பல வீடுகளில் ஓஎன்டியும் வைஃபை ரௌட்டரும் ஒரே பெட்டியாகவே இருக்கும். அதற்கு அப்புறம் காற்று வழியாக உங்கள் ஃபோனுக்கு.

ஆக, நெட் கெடுவதற்கு நாலு இடம் இருக்கிறது: வீட்டுக்குள் இருக்கும் வைஃபை, பெட்டியும் அதற்கு வரும் கரண்டும், கம்பம் வரைக்குமான லைன், அதற்கு அப்பால் கம்பெனி. நாலில் எது என்று தெரியாமல் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் அவர்களும் "ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள்.

விளக்குகள் சொல்வது

பெட்டியின் முகப்பில் பவர், பான், எல்ஓஎஸ், இன்டர்நெட், வைஃபை என்று விளக்குகள் இருக்கும். இவற்றில் முக்கியமானது எல்ஓஎஸ். நல்ல நிலையில் அது எரியவே கூடாது. சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை, அல்லது போதுமான அளவு வரவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஒன்று, தெருவில் கேபிள் அறுந்திருக்கும். லாரி இழுத்திருக்கலாம், மரக்கிளை விழுந்திருக்கலாம், அணிலோ எலியோ கடித்திருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே பேட்ச் கார்டு மடங்கியிருக்கும்.

இந்தப் பேட்ச் கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வீடுகளில் அதிகம் பாடுபடுவது இதுதான். உள்ளே இருப்பது முடியைப் போல மெல்லிய கண்ணாடி. இழை நேராகவோ பெரிய வளைவாகவோ இருக்கும்வரை ஒளி உள்ளேயே ஓடும். சுருக்கென்று மடித்தால் அந்த மடிப்பிலேயே ஒளி வெளியே கசிந்துவிடும். வயர் அறுந்திருக்காது, பார்க்க நன்றாகவே இருக்கும். டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கும், அல்லது மிச்ச வயரைச் சின்ன வட்டமாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். தரையைப் பெருக்கும்போது ஸ்டாண்ட் ஒரு விரற்கடை நகர்ந்தால் நெட் போகும், திரும்ப நகர்ந்தால் வரும். வயரை விடுவித்து, உள்ளங்கை அகல வட்டமாகத் தளர்வாகத் தொங்க விடுங்கள். முனையைக் கழற்ற வேண்டி வந்தால் ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு நல்லதல்ல. முனையை விரலால் தொடவும் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே ஒளியைத் தடுக்கப் போதும்.

எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, பான் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது என்றால் ஒளி வருகிறது, ஆனால் பெட்டிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே இணைப்பு முழுதாக அமையவில்லை. பான் பச்சையாக நிலைத்து நிற்கிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை அல்லது சிவப்பாக இருக்கிறது என்றால் லைனில் குறை இல்லை. பெட்டி கம்பெனியின் சர்வரில் லாகின் ஆகவில்லை. முதலில் பில் கட்டியாயிற்றா என்று பாருங்கள். கட்டியிருந்தால் அது அவர்கள் பக்கத்து வேலை.

வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா

விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, மீட்டிங்கில் குரல் உடைகிறது என்றால் விளக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அங்கேதான் பிங் உதவும். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், தன் நெட்வொர்க் வினோதமாக நடந்துகொள்கிறதே என்று காரணம் தேடுவதற்காக எழுதிய சின்ன நிரல் இது. நாற்பது வருடம் கழித்தும் அதே வேலைக்கு அதைவிட எளிய கருவி வரவில்லை. ஒரு முகவரிக்குச் சிறு தகவல் துணுக்கை அனுப்பும். அது போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று சொல்லும்.

விண்டோஸ் கணினியில் தேடல் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரை வரும். அதை இரண்டு முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் திரையில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு உங்கள் ரௌட்டரின் முகவரி, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி என்ற எழுத்தும். ரௌட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். 192.168.0.1, 192.168.29.1 என்றும் இருப்பதுண்டு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரியும். இரண்டாவது திரையில் அதே மாதிரி 8.8.8.8 என்ற முகவரிக்கு. இது கூகுளின் பொது சர்வர், அதாவது வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு நம்பகமான இடம். நொடிக்கு ஒரு வரி ஓட ஆரம்பிக்கும். நிறுத்த, கன்ட்ரோல் பொத்தானோடு சி. ஃபோனிலும் இதைச் செய்ய இலவச ஆப்கள் உண்டு.

இப்போது நெட் திணறும்வரை காத்திருங்கள். திணறும்போது முதல் திரையிலேயே எண்கள் 3, 4, 3, 212, 640 என்று தாவி, நடுவே பதில் வரவில்லை என்று சொல்லும் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்ற வரியும் வந்தால் கோளாறு உங்கள் கையில் இருக்கும் கணினிக்கும் பக்கத்து அறை ரௌட்டருக்கும் நடுவில். வைஃபைதான் குற்றவாளி, கம்பெனி மேல் பழி இல்லை. முதல் திரை 2, 3, 2 என்று அமைதியாக ஓட, இரண்டாவது திரை மட்டும் தாவுகிறது என்றால் வைஃபை நன்றாக இருக்கிறது, கோளாறு ரௌட்டரைத் தாண்டி. இந்த ஒரு சோதனை பாதித் தேடலை முடித்துவிடும். லேப்டாப்பை லேன் வயரில் நேராக ரௌட்டரோடு செருகி மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

8.8.8.8 ஒழுங்காகப் பதில் தருகிறது, ஆனால் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றும் சில சமயம் நடக்கும். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் படுத்திருக்கிறது. ரௌட்டரின் முகவரியை பிரவுசரில் அடித்தால் வரும் அமைப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

வைஃபைதான் என்று தெரிந்தால்

ரௌட்டரை நிறுவ வந்தவர் கேபிள் எங்கே உள்ளே வந்ததோ அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். அது வாசல் கதவுக்குப் பின்னாலோ, டிவி ஷோகேஸுக்கு உள்ளேயோ இருக்கும். நாம் வேலை பார்ப்பது பின் அறையில். நடுவில் இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ, ஒரு நிலைக்கண்ணாடி. உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியின் பின்பூச்சும் அப்படித்தான். கம்பி கட்டிய கான்கிரீட் பாதியை விழுங்கிவிடும். புதிய ரௌட்டர் வாங்குவதற்கு முன், இருக்கிற ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். நீளமான பேட்ச் கார்டு ஒன்று வாங்கிப் போடச் சொல்வது புது ரௌட்டரைவிட மலிவு, பலனோ பல நேரங்களில் அதிகம்.

ரௌட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் மிக்கது. அக்கம்பக்கத்து வீட்டு ரௌட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். அடுப்பில் சாதம் சூடு பண்ணும் இரண்டு நிமிடம் மட்டும் வைஃபை தடுமாறினால் காரணம் அதுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், நெரிசல் குறைவு, ஆனால் ஒரு கனமான சுவருக்கே சோர்ந்துவிடும். ரௌட்டர் இருக்கும் அறையில் டிவியும் லேப்டாப்பும் 5-இல் இருக்கட்டும். பின் அறை ஃபோன், கேட்டில் மாட்டிய கேமரா போன்றவை 2.4-இல் இருக்கட்டும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் 2.4-இன் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் உட்பிரிவை, 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக மட்டும் வையுங்கள். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. 3, 4 என்று இடையில் வைத்தால் இரு பக்கத்துச் சத்தமும் நம் தலையில் விழும்.

வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை வாங்குகிறவர்கள் அதை சிக்னலே வராத அறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். சிக்னல் வராத இடத்தில் அது எதைத் திருப்பி அனுப்பும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். விலை குறைந்த ரிப்பீட்டர்கள் கேட்பதும் பேசுவதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சுவர் ஓரமாக ஒரு லேன் வயரை இழுத்து, அந்த அறையில் இன்னொரு ரௌட்டரை வைப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

அப்படி இரண்டாவது ரௌட்டர் வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு ரௌட்டரின் லேன் துளையிலிருந்து மற்றதன் லேன் துளைக்கு வயர் போட்டிருந்தால், வீட்டில் உள்ள கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி என்ற வேலையை இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும். இரண்டும் கொடுத்தால் ஒரு ஃபோனுக்கு நெட் வரும், இன்னொன்றுக்கு வராது, நாளை தலைகீழாக மாறும். இது பைத்தியம் பிடிக்க வைக்கும் கோளாறு. புது ரௌட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

மாலையில் மட்டும் ஏன்?

"பகலெல்லாம் நல்லா இருக்கு, ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் படுத்துது" என்பது நான் அதிகம் கேட்கும் புகார். ஊரே நெட் பார்க்கிற நேரம் அது, கம்பெனி லைனில் நெரிசல் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி வீட்டுக்குள் இருக்கிறது.

எங்கள் மாடி வீட்டு அக்கா வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தினமும் மாலையில் வீடியோ காலில் பேசுவார். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் படம் உறைந்துவிடும். பிங் ஓட்டிப் பார்த்தபோது ரௌட்டர் வரைக்கும் 3, 4 என்று சமர்த்தாக இருந்தது. 8.8.8.8 மட்டும் ஆயிரம் மில்லிசெகண்டைத் தாண்டியது. காரணம் கல்லூரி விட்டு வந்த மகனின் ஃபோன். வீட்டு வைஃபையைக் கண்டதும் பகலில் எடுத்த வீடியோக்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்துவிடுகிறது. அவர்கள் திட்டத்தில் இறக்கும் வேகம் தாராளம், ஏற்றும் வேகம் குறைவு. ஏற்றும் பாதை நிரம்பியதும் ரௌட்டர் மிச்சத்தைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. வீடியோ காலின் சின்னச் சின்னத் துணுக்குகளும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வேகம் குறையவில்லை, காத்திருக்கும் நேரம்தான் கூடிவிட்டது. ஸ்பீட் டெஸ்ட்டில் இது சரியாகத் தெரியாது என்பதால்தான் பலருக்கும் பிடிபடுவதில்லை.

இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற கணினிப் பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு, தோண்டித் துருவி உலகத்துக்குச் சொன்னார். நினைவகம் மலிவாகிவிட்டதால் எல்லாக் கருவிகளிலும் தேவைக்கு மேல் வரிசையை நீளவிட்டுவிட்டார்கள் என்பது அவர் கண்டுபிடித்தது. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற தீர்வைக் கொண்டுவந்தார்கள். சில ரௌட்டர்களில் எஸ்க்யூஎம் அல்லது க்யூஓஎஸ் என்ற பெயரில் இந்த வசதி இருக்கும். அங்கே ஏற்றும் வேகத்தை உங்கள் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே, 90 சதவீதம் அளவுக்கு வைத்தால் வரிசை நீளாது. அந்த வசதி இல்லாத வீடுகளில் செய்யக்கூடியது எளிது. ஃபோன்களின் கிளவுட் பேக்கப்பை இரவு எல்லோரும் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள். மாடி வீட்டில் செய்ததும் இதுதான். அன்று மாலையே அக்கா தடையில்லாமல் பேசினார்.

வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கணினியை லேன் வயரில் வைத்தும் மாலையில் 8.8.8.8 தாவினால், அது உண்மையிலேயே கம்பெனியின் நெரிசல். அப்போது புகார் செய்ய உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது.

கரண்டையும் மறக்க வேண்டாம்

இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும் கரண்ட் போகும்போதெல்லாம் நெட் இரண்டு மூன்று நிமிடம் நின்று வருகிறதா? இன்வெர்ட்டர் கைமாறும் அந்த இமைப்பொழுதில் ரௌட்டர் அணைந்து மறுபடி கிளம்புகிறது. ரௌட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று போதும். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். பல பெட்டிகளுக்கு 12 வோல்ட், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

கரண்ட் போகாமலே ரௌட்டர் தானாக அணைந்து அணைந்து வருவதும் உண்டு. வயதான அடாப்டர் போதிய மின்சாரம் தராமல் தள்ளாடும், அல்லது பிளக் பாயின்ட் தளர்ந்திருக்கும். இதை உறுதிசெய்ய, ரௌட்டரின் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போய் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அப்டைம் என்ற வரியைப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு நெட் போயிற்று, நாலு மணிக்குப் பார்க்கும்போது அப்டைம் ஒரு மணி நேரம் என்று காட்டினால் பெட்டியே அணைந்திருக்கிறது. பல நாள் என்று காட்டினால் பெட்டி அணையவில்லை, லைனைப் பாருங்கள். ரௌட்டரை அணைப்பதற்கு முன் பாருங்கள் என்று நான் ஆரம்பத்தில் மன்றாடியது பெரும்பாலும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

வேகம் பற்றிய புகார்களில் சில கோளாறே அல்ல. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் ஒரு கோப்பு நொடிக்கு 12 எம்பி வேகத்தில் இறங்கினால் அது முழு வேகம்தான். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, கோப்பு பைட் கணக்கு, எட்டால் வகுக்க வேண்டும். 200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் லேன் வயரில் 94-ஐத் தாண்டவில்லை என்றால், ரௌட்டரின் துளையே 100-க்கு மட்டும் செய்யப்பட்டிருக்கும், அல்லது வயருக்குள் இருக்கும் எட்டு இழைகளில் ஒன்றிரண்டு அறுந்திருக்கும். அன்லிமிடெட் என்று விற்கும் பல திட்டங்களிலும் மாத வரம்பு உண்டு, தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இந்தியத் தளங்கள் பறக்க, ஐரோப்பியத் தளங்கள் மட்டும் தவழ்ந்தால் கடலடியில் காரணம் இருக்கலாம். 2024 தொடக்கத்தில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடும் போக்குவரத்தை வேறு வழிகளில் திருப்ப வேண்டியிருந்தது.

புகார் செய்யும்போது

"நெட் சரியா வரலைங்க" என்று சொன்னால் நாலு நாள் இழுக்கும். "எல்ஓஎஸ் சிவப்பாக மின்னுகிறது, மழை பெய்யும்போதெல்லாம் இப்படி ஆகிறது, நேற்று மாலை ஆறே முக்காலிலிருந்து ஏழு பத்து வரை இல்லை, அப்டைம் 5 நாள் காட்டுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவரின் பேச்சே மாறும். அதனால் ஒரு வாரம் நெட் போன நேரம், வந்த நேரம், அப்போது எரிந்த விளக்கு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். மழையில் மட்டும், வெயில் ஏறினால் மட்டும், காற்று அடித்தால் மட்டும் என்று ஏதாவது ஒரு ஒழுங்கு அதில் தெரியும். ஃபைபர் இழை நனைவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினாலோ, தளர்ந்த கேபிள் காற்றில் ஆடினாலோ சிக்னல் தேயும்.

கேபிள்காரர் வீட்டுக்கு வந்தால் பவர் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 15 முதல் 24 வரை என்றால் நிம்மதி. வீடுகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் மைனஸ் 27-தான் விளிம்பு. அதை ஒட்டி இருந்தால் இன்று வேலை செய்யும், நாளை ஒரு தூசிக்கே விழும். "வருதுல்ல சார், விடுங்க" என்பார். விடாதீர்கள். ஜாயின்ட்டை மறுபடி போடச் சொல்லுங்கள், முனையைத் துடைக்கச் சொல்லுங்கள், மறுபடி அளந்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நிறைய ரௌட்டர்களில் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே இந்த எண் தெரியும்.

எத்தனை முறை சொல்லியும் நடக்கவில்லை என்றால், ஒவ்வொரு புகாருக்கும் கொடுக்கும் டாக்கெட் எண்ணை வைத்துக்கொண்டு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும், கட்டணம் கிடையாது. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் இந்த வழியைத்தான் பிடிக்க வேண்டும். குறித்து வைத்த தாளையும் பிங் திரையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பழுது சரியானதும் அன்றைய டிபிஎம் எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ரௌட்டரின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வருகிறவர் எங்கிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.